ஐப்பசிக்கு முன் டயரைப் பாருங்கள்

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் பனிக்கால டயர் மாட்டாமல் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை காரைச் சாலையில் இறக்க முடியாது. 2008-இல் வந்த சட்டம் அது. ஜெர்மனியில் தேதி எதுவும் குறிக்கவில்லை. சாலையில் பனியோ உறைநீரோ இருந்தால் அதற்குரிய டயர் வண்டியில் இருக்க வேண்டும் என்று 2010 முதல் விதி சொல்கிறது. தமிழர்கள் பெருமளவில் வாழும் ஒன்டாரியோவில் சட்டக் கட்டாயம் கிடையாது. ஆனால் பனிக்கால டயர் மாட்டியவருக்குக் காப்பீட்டுக் கட்டணத்தில் தள்ளுபடி கொடுத்தே ஆக வேண்டும் என்று 2016 ஜனவரி முதல் காப்பீட்டு நிறுவனங்களுக்கு அங்கே உத்தரவு இருக்கிறது. வழிகள் மூன்றாக இருந்தாலும் அவற்றின் அடிப்படை ஒன்றுதான்: எந்த டயரில் ஓடுகிறோம் என்பதைப் பருவம் பார்த்து முடிவு செய்ய வேண்டும். திருவள்ளூர் மாவட்டத்தில் பனி பெய்யாது. ஆனால் ஆண்டு மழையில் பாதியளவு அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் கொட்டித் தீர்க்கிறது. அந்த மூன்று மாதங்களுக்கென்று நம் வண்டிகளின் டயரைத் தயார் செய்யும் வழக்கம் நம்மிடம் இல்லை. அதை உண்டாக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

இதை இந்த மாவட்டத்தை முன்வைத்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. சென்னை–கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலையை இங்கு இன்றும் ஜி.என்.டி. சாலை என்றுதான் சொல்கிறோம். செங்குன்றம், காரனோடை, தச்சூர், கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி, எளாவூர், ஆரம்பாக்கம் என்று ஆந்திர எல்லை வரை போகும் அந்தச் சாலையில், எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கும் காட்டுப்பள்ளிக்கும் போகிற கன்டெய்னர் லாரிகளும், சவுடு மண்ணும் ஜல்லியும் ஏற்றிய டிப்பர்களும், சிப்காட் ஆலைகளுக்கு ஆளேற்றும் பேருந்துகளும், ஷிப்ட் முடிந்து பைக்கில் வீடு திரும்பும் தொழிலாளர்களும் ஒரே தார்ப்பரப்பைப் பகிர்ந்துகொள்கிறார்கள். டிப்பரிலிருந்து சிந்திய மண்ணும் டீசல் கசிவும் கோடை முழுக்கச் சாலையில் படிகின்றன. முதல் மழை அதைக் குழைத்து வழுக்கும் சேறாக்குகிறது. நாள் முழுக்கப் பெய்யும் கனமழையைவிட, வெயிலுக்குப் பின் வரும் முதல் அரைமணித் தூறல் பல சமயம் ஆபத்தாக இருப்பது இதனால்தான். இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, இந்தப் பகுதி டயர் செய்கிற பூமி. எம்.ஆர்.எஃப். 1946-இல் பலூன் செய்யும் சிறு கொட்டகையாகத் தொடங்கியது, 2018 வரை இந்த மாவட்டத்தில் இருந்த திருவொற்றியூரில். கும்மிடிப்பூண்டியை அடுத்த தேர்வாய் கண்டிகை சிப்காட்டில் பிரான்சின் மிஷெலின் நிறுவனம் டயர் ஆலை நடத்துகிறது. டயரை உருவாக்கும் ஊர், டயரைப் பேணுவதிலும் முன்னே நிற்க வேண்டாமா?

பனி நாட்டு டயரை அப்படியே இங்கே கொண்டுவந்து மாட்டச் சொல்லவில்லை. அது தவறும்கூட. சாதாரண டயரின் ரப்பர் ஏறக்குறைய 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறுகத் தொடங்குகிறது, பிடிப்பு குறைகிறது. குளிரிலும் இளகி இருக்கும் கலவையில் செய்யப்பட்டது பனிக்கால டயர். அந்த இளக்கம் நம் வெயிலில் கேடாக முடியும்: சீக்கிரம் தேயும், பிரேக் பிடிக்கும்போது வண்டி அதிக தூரம் ஓடும். நம் ஊரில் விற்கும் சில எஸ்.யூ.வி. டயர்களின் பக்கவாட்டில் 'எம் பிளஸ் எஸ்' என்ற எழுத்துகள் இருக்கும். சேறு, பனி இரண்டுக்கும் ஏற்றது என்று தயாரிப்பாளர் தாமே சொல்லிக்கொள்ளும் குறி அது. சோதனையில் தேறிய பனிக்கால டயருக்குத் தரப்படுவது மூன்று முகடுள்ள மலைக்குள் பனிச்செதில் வரைந்த சின்னம். இரண்டுமே மழைச்சாலையில் ஒரு டயர் எப்படி நிற்கும் என்பதைச் சொல்வதில்லை. பனியில் வேலை செய்வது ரப்பரின் இளக்கமும், பனியைக் கடிக்கும் நுண்ணிய வெட்டுகளும். மழையில் டயரின் முதல் வேலை, தனக்கும் சாலைக்கும் இடையில் புகும் நீரை வெளியே தள்ளுவது. அந்த வேலையைச் செய்வது நம் பஞ்சர் கடைகளில் 'பட்டன்' என்று சொல்கிறோமே, அந்தக் கட்டைகளுக்கு நடுவே ஓடும் பள்ளங்கள்.

அந்த வேலை எவ்வளவு பெரியது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 18 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு கார் டயர், 3 மில்லிமீட்டர் நீர் நிற்கும் சாலையில், மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வையுங்கள். ஒவ்வொரு நொடியும் அது 12 லிட்டர் தண்ணீரை விலக்கியாக வேண்டும். நொடிக்கு ஒரு குடம் என்று வைத்துக்கொள்ளலாம். அதுவும் ஓர் உள்ளங்கை அளவே சாலையைத் தொடும் பரப்பை வைத்துக்கொண்டு. பள்ளம் ஆழமாக இருந்தால் நீர் அதற்குள் ஓடி வெளியேறும். தேய்ந்திருந்தால் நீருக்குப் போக இடமில்லாமல் டயருக்கு அடியிலேயே திரண்டு வண்டியைத் தூக்கும். அதன் பிறகு ஸ்டியரிங்கும் கேட்காது, பிரேக்கும் கேட்காது. அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா 1960-களில் விமான டயர்களைக் கொண்டு இதை ஆராய்ந்து, எந்த வேகத்தில் டயர் நீரின் மேல் மிதக்கத் தொடங்கும் என்பது காற்றழுத்தத்தைப் பொறுத்தது என்று கண்டது. அந்தச் சூத்திரத்தின்படி, பள்ளத்தின் ஆழத்தை மீறி நீர் நிற்கும் சாலையில் 32 பவுண்டு காற்றுள்ள டயர் சுமார் 94 கிலோமீட்டர் வேகத்தில் மிதக்கும். காற்று 20 பவுண்டுக்கு இறங்கியிருந்தால் 75 கிலோமீட்டரிலேயே மிதந்துவிடும். நெடுஞ்சாலையில் 75 என்பது யாரும் அதிவேகம் என்று நினைக்காத வேகம். ஆகவே பட்டன் தேய்வதும் காற்று குறைவதும் சேர்ந்தால், சாதாரணமாக ஓட்டுபவரும் ஆபத்தின் எல்லைக்குள் வந்துவிடுகிறார்.

நம் சட்டம் எங்கே கோடு போட்டிருக்கிறது? மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி கார், பஸ், லாரிகளின் டயர்ப் பள்ளம் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். இருசக்கர, மூன்று சக்கர வாகனங்களுக்கு 0.8 மில்லிமீட்டர் போதும். கார் டயர் புதிதாக இருக்கும்போது பள்ளம் 8 மில்லிமீட்டர் வரை இருக்கும். பிரிட்டனின் மிரா சோதனை மையத்தில் ஈரச்சாலையில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்துப் பார்த்தபோது, 1.6 மில்லிமீட்டருக்குத் தேய்ந்த டயர் நிற்க எடுத்துக்கொண்ட தூரம் புதிய டயரைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாகக் கூடியது. வழவழப்பான கான்கிரீட்டில் நிலைமை இன்னும் மோசம். பள்ளம் 3 மில்லிமீட்டருக்குக் கீழே போன பிறகு இந்தச் சரிவு வேகமெடுக்கிறது. இதிலிருந்து கிடைப்பது தெளிவான பாடம். 1.6 என்பது காய்ந்த சாலைக்கும் சேர்த்துப் போட்ட அடிமட்டக் கோடு. மழைக்காலத்துக்கு அது போதாது. அக்டோபர் முதல் தேதி அன்று கார், பஸ், லாரி டயர்களில் குறைந்தது 3 மில்லிமீட்டர் பள்ளம் இருக்க வேண்டும் என்பதை நாம் ஓர் ஒழுங்காக வைத்துக்கொள்ள வேண்டும்.

டயர்க் கடையில் நாம் கேட்கும் கேள்வியும் மாற வேண்டும். "எத்தனை கிலோமீட்டர் ஓடும், என்ன விலை" என்ற இரண்டோடு பேரம் முடிந்துவிடுகிறது. நீண்ட நாள் ஓடுவது, எரிபொருள் மிச்சம் பிடிப்பது, ஈரத்தில் பிடித்து நிற்பது ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று இழுபறியில் இருப்பவை. ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறையும். டயர்க் கலவையில் கரிக்குப் பதிலாகப் பெருமளவு சிலிக்கா சேர்க்கும் முறையை மிஷெலின் 1992-இல் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு இந்த இழுபறி பெருமளவு தளர்ந்தது. ஆனாலும் டயருக்கு டயர் வேறுபாடு பெரிது. ஐரோப்பாவில் ஒவ்வொரு டயருக்கும் ஈரப்பிடிப்பு மதிப்பெண் ஒட்டி விற்கும் முறை 2012 நவம்பரில் வந்தது. அந்த வரிசையில் மேல்தட்டு டயருக்கும் கீழ்த்தட்டு டயருக்கும் இடையே, 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்பதில் 18 மீட்டர் வரை வேறுபாடு வரலாம் என்று கணக்கிட்டார்கள். 18 மீட்டர் என்றால் முன்னே நிற்கும் கன்டெய்னர் லாரியின் மொத்த நீளத்துக்கும் மேல். இந்தியாவிலும் ஏ.ஐ.எஸ்.-142 என்ற தரநிலை வந்து, புதிய வடிவ டயர்களுக்கு 2022 அக்டோபர் முதல் ஈரப்பிடிப்புச் சோதனை கட்டாயமாகியிருக்கிறது. நல்ல முன்னேற்றம். ஆனால் அது தேர்ச்சியா தோல்வியா என்று மட்டும் பார்க்கிறது. தேறிய டயர்களில் எது முந்தியது, எது தட்டுத்தடுமாறித் தேறியது என்பது வாங்குபவருக்குத் தெரியாது. சோதனையில் கிடைத்த எண்ணை டயரில் ஒட்டி விற்கச் செய்வது மத்திய அரசுக்குப் பெரிய செலவில்லாத வேலை. அதைச் செய்ய வேண்டும்.

அதுவரை நம் கண்ணால் பார்க்கக்கூடியவை சில உண்டு. டயரின் தோள்பட்டையில் சிறு முக்கோணமோ 'டி.டபிள்யூ.ஐ.' என்ற எழுத்துகளோ இருக்கும். அதற்கு நேரே பள்ளத்துக்குள் விரலை விட்டால் குறுக்கே சிறு மேடு தட்டுப்படும். பட்டனும் அந்த மேடும் ஒரே மட்டத்துக்கு வந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது என்று பொருள். மழைக்காலத்துக்கு அந்த மேடு நன்றாக அமிழ்ந்தே இருக்க வேண்டும். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 3524 என்றிருந்தால் 2024-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் செய்த டயர். தள்ளுபடி விலையில் கிடைக்கிறது என்பதற்காகக் கிடங்கில் ஆண்டுக்கணக்கில் கிடந்து இறுகிய டயரை வாங்கிவிடாமல் இந்த எண் காப்பாற்றும். இரண்டு டயர் மட்டும் புதிதாக வாங்கினால், முன்னால் மாட்டுவதுதான் பெரும்பாலோர் வழக்கம். ஈரச்சாலையில் அது தவறு. கார் எதுவானாலும் நல்ல டயர் பின்னால் இருக்க வேண்டும். முன் டயர் வழுக்கினால் வண்டி நேராகப் போகும், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். பின் டயர் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும். அழகுக்காக அளவை மீறி அகலமான டயர் மாட்டுவதும் மழைக்கு எதிரி, ஏனென்றால் அகலம் கூடக்கூட விலக்க வேண்டிய நீரும் கூடுகிறது.

இதற்கு வரும் மறுப்புகளில் முதலாவது கனமானது. விபத்துக்குக் காரணம் வேகமும் மோசமான சாலையும்தான், டயரை ஏன் குறை சொல்ல வேண்டும் என்பது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022 அறிக்கையில், சாலை மரணங்களில் 70 விழுக்காட்டுக்கும் மேல் அதிவேகத்தின் கணக்கில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. பெரும்பான்மை விபத்துகள் தெளிவான வானிலையில் நடப்பவை என்பதும் உண்மை. ஆனால் அதிவேகம் என்பதற்குத் தனியான பொருள் கிடையாது. எந்த வேகம் அதிகம் என்பதைச் சாலையும் டயரும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. நல்ல டயரில் காய்ந்த சாலையில் பத்திரமான 60, மொட்டை டயரில் நனைந்த சாலையில் அதிவேகம்தான். சாலையில் நீர் தேங்காமல் வடிகால் அமைப்பது நெடுஞ்சாலைத் துறையின் கடமை. அதை விடாமல் கேட்க வேண்டும். அந்த வடிகால் வரும்வரை டயரையும் கவனிக்காமல் இருப்பதில் யாருக்கும் லாபமில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தேங்கியது போன்ற வெள்ளத்தில் எந்த டயரும் உதவாது. அன்றைக்கு வண்டியை எடுக்காமல் இருப்பதே புத்தி. டயர் காப்பாற்றுவது சாதாரண மழைநாளை. நம் மழைக்காலத்தில் அத்தகைய நாள்கள்தான் அதிகம்.

இரண்டாவது மறுப்பு செலவு. இதையே வேறு கோணத்தில், கழிவு என்றும் சொல்கிறார்கள். 3 மில்லிமீட்டரிலேயே டயரைக் கழற்றினால் மிச்சமிருக்கும் ரப்பர் வீண், உலகில் குவியும் பழைய டயரும் கூடும் என்பது. மிஷெலின் நிறுவனமே ஐரோப்பாவில் 2017-இல் இந்த வாதத்தை வலுவாக வைத்தது. டயரைச் சட்ட வரம்பு வரை ஓட்டலாம், அதற்குப் பதிலாகத் தேய்ந்த நிலையிலும் பிடிப்பைச் சோதியுங்கள் என்றது. ஐரோப்பிய ஒன்றியம் அதை ஏற்று, 2024 ஜூலை முதல் புதிய வகை கார் டயர்களைத் தேய்ந்த நிலையிலும் சோதிக்கக் கட்டாயமாக்கியிருக்கிறது. கும்மிடிப்பூண்டிக்காரர்கள் கழிவைப் பற்றிய கவலையை எளிதாகத் தள்ளிவிட முடியாது. பழைய டயரைச் சூளையில் உருக்கி எண்ணெய் எடுக்கும் தொழிலின் புகை என்னவென்று இந்தப் பகுதிக்குத் தெரியும். 2022 ஜூலையில் வந்த விதிகள் அந்த எண்ணெய்க்காகப் பழைய டயரை இறக்குமதி செய்வதைத் தடுத்து, பழைய டயரை மறுசுழற்சி செய்யும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மீதே சுமத்தியிருக்கின்றன.

ஆனால் இந்த மறுப்புக்கான விடை நம் பருவத்திலேயே இருக்கிறது. ஆண்டு முழுக்க 3 மில்லிமீட்டர் வேண்டும் என்று இங்கே கேட்கவில்லை. மழைக்கு முன் வேண்டும் என்பதே கோரிக்கை. ஜனவரியில் 3 மில்லிமீட்டர் பள்ளமுள்ள டயரைக் கோடை முழுக்கச் சட்ட வரம்புக்குள் ஓட்டித் தேய்த்துவிட்டு, செப்டம்பரில் புதிது மாட்டலாம். பிப்ரவரியில் வாங்க நினைத்தவர் நான்கைந்து மாதம் முன்னதாக வாங்குவார். அவ்வளவுதான் கூடுதல் செலவு. பல வண்டிகள் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் எளிது. குறைந்த பட்டனுள்ள டயர்களைக் கிடங்குக்குள்ளேயே ஓடும் வண்டிக்கு மாற்றலாம், கழற்றிய நல்ல கூட்டைச் சரியான நேரத்தில் ரீட்ரெடிங்குக்கு அனுப்பலாம். முற்றும் தேய்ந்து கம்பி தெரியும் டயரைவிட, பட்டன் கொஞ்சம் மிச்சமிருக்கும் டயர்தான் ரீட்ரெடிங்குக்கு ஏற்றது என்பது லாரித் தொழிலில் இருப்பவர் எல்லோருக்கும் தெரியும். காலிக் கன்டெய்னர் வண்டி ஓட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை. சுமையில்லாத டயர் சாலையை நன்றாக அழுத்துவதில்லை. அதனால் பாரம் ஏற்றிய லாரியைவிடக் காலி லாரி மழையில் எளிதாக மிதந்து வழுக்கும். துறைமுகத்திலிருந்து காலியாகத் திரும்பும்போதுதான் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

மூன்றாவது மறுப்பு, சட்டம் ஏற்கெனவே இருக்கிறது, இன்னொரு சோதனை என்றால் சிறு லாரி உரிமையாளரையும் ஆட்டோக்காரரையும் சாலையில் நிறுத்தி வாட்டுவதாகத்தான் முடியும் என்பது. நியாயமான அச்சம். ஆனால் இப்போதுள்ள சோதனை பருவத்தைப் பார்ப்பதில்லை. வாடகை வாகனங்களின் எஃப்.சி. என்ற தகுதிச் சான்று எட்டு ஆண்டுவரை இரண்டாண்டுக்கு ஒருமுறை, அதன்பின் ஆண்டுதோறும், அந்த வண்டி பதிவான மாதக் கணக்கில் வருகிறது. மார்ச்சில் எஃப்.சி. காட்டிய லாரி அக்டோபரில் எந்த டயரில் ஓடுகிறது என்று யாரும் கேட்பதில்லை. பள்ளி திறக்கும் முன் மே மாதத்தில் பள்ளிப் பேருந்துகளை மைதானத்தில் நிறுத்தி ஆய்வு செய்கிறார்கள், நல்ல வழக்கம். அந்த டயர்கள் மழை தொடங்குவதற்குள் நான்கைந்து மாதம் தேய்ந்துவிடுகின்றன. ஆகவே அதே போன்ற ஆய்வு ஒன்றைச் செப்டம்பரில், தண்டம் விதிக்காமல், அறிவுரையாகத் தொடங்கலாம். எளாவூர் சோதனைச் சாவடியிலும் துறைமுக வாசல்களிலும் ஒரு வாரம் டயர்ப் பள்ளம் அளந்து சொன்னாலே போதும். அளக்கும் கருவி மிக எளியது, விலையும் சொற்பம். அபராதம் சட்ட வரம்பைத் தாண்டியவருக்கு மட்டும் இருக்கட்டும்.

அரசைவிட விரைவாக இதைச் செய்யக்கூடியவர்கள் சிப்காட் ஆலைகளே. ஆலை வாசலுக்குள் பாதுகாப்புக் காலணி இல்லாமல் ஒருவரும் நுழைய முடியாது. அதே தொழிலாளியை வீட்டுக்கு ஏற்றிச்செல்லும் ஒப்பந்தப் பேருந்தின் டயரை யாரும் அளப்பதில்லை. வாகன ஒப்பந்தத்தில் "அக்டோபர் 1 முதல் டிசம்பர் 31 வரை டயர்ப் பள்ளம் 3 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது" என்று ஒரு வரி சேர்த்தால், பேருந்து மட்டுமின்றிச் சரக்கு ஏற்றும் லாரிகளும் வழிக்கு வரும். சொந்த பைக்கில் வரும் தொழிலாளர்களுக்குச் செப்டம்பரில் ஆலை வளாகத்திலேயே டயர் பரிசோதனை நடத்தி, முன்பணம் கொடுத்து டயர் மாற்ற உதவலாம். நாட்டின் சாலை மரணங்களில் 2022-இல் 44 விழுக்காட்டுக்கும் மேல் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். அவர்களுக்குச் சட்டம் கேட்பது 0.8 மில்லிமீட்டர் மட்டுமே. மழையில் அதற்கு இருமடங்காவது இருக்கட்டும். சொந்தச் சேதக் காப்பீட்டின் கட்டணத்தை இந்தியாவில் காப்பீட்டு நிறுவனங்களே நிர்ணயிக்கின்றன. ஒன்டாரியோவைப் போல, மழைக்கு முன் டயர் அளந்து சான்று காட்டியவருக்குச் சிறு தள்ளுபடி தர அவற்றுக்குத் தடையேதும் இல்லை.

தமிழ்நாட்டின் சாலைகளில் 2022-இல் மட்டும் 17,884 பேர் இறந்தார்கள். அதில் டயரால் போனது எத்தனை என்று பிரித்துச் சொல்லும் அளவுக்கு நம் விபத்து ஆய்வு இன்னும் வளரவில்லை. ஆனால் தேய்ந்த டயர் மழையில் நிற்காது என்பது அளந்து நிறுவப்பட்ட உண்மை. அதைச் சரிசெய்யும் வழியும் எல்லோர் கைக்கும் எட்டுவது. ஆகவே இந்த ஆண்டு செப்டம்பர் முடிவதற்குள் உங்கள் வண்டியின் நான்கு டயரையும் ஸ்டெப்னியையும் அளந்து பாருங்கள், காற்றைச் சரிபாருங்கள், தேவைப்பட்டால் மழைக்கு முன்பே மாற்றுங்கள். ஒப்பந்த வண்டி வைத்திருக்கும் ஆலை நிர்வாகங்கள் அந்த ஒரு வரியை இந்த ஆண்டே சேர்க்கட்டும்.